கவுன்ட்டரில் ஏஜென்ட் நிற்க மாட்டார்

ஆவடி கோவில்பதாகை ஏரிப் பக்கம் காலை நடையை முடித்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தால், பக்கத்து பெஞ்சில் யாராவது வெளிநாட்டுப் பயணம் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். எச்.வி.எஃப்., ஓ.சி.எஃப். ராணுவத் தொழிற்சாலைகளில் ஓய்வு பெற்று, அமெரிக்காவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் புறப்படும் தம்பதி இருப்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசில் நாலு நாள் பாங்காக் போகும் பையன்கள் இருப்பார்கள். ஐ.டி.ஐ. முடித்து, வெல்டிங் கைவந்து, கத்தாருக்கு ஆள் எடுக்கிறார்களாமே என்று விசாரிப்பவனும் இருப்பான். இவர்களுக்குள் வேறெந்த ஒற்றுமையும் கிடையாது. விசா என்று வாயைத் திறந்தால் மட்டும் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: "அதெல்லாம் ஏஜென்ட் பாத்துப்பாரு சார்."

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குத் தகராறு.

பணி ஓய்வுக்குப் பிறகு தெருக்காரர்களுக்கு பாரம் நிரப்பித் தருவது என் பொழுதுபோக்கு. காசு வாங்குவதில்லை, டீ வாங்கித் தருவார்கள். அதனால் இந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறேன். வெறும் சோம்பேறித்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. மனை வாங்கினால் பத்திர எழுத்தர், வருமான வரிக்கு ஆடிட்டர், லைசென்ஸுக்கு டிரைவிங் ஸ்கூல்காரர் என்று நம் வாழ்க்கையே தெரிந்தவனிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதில்தான் ஓடுகிறது. அதில் விசாவும் ஒன்று, அவ்வளவுதானே என்கிறார்கள்.

அவ்வளவு இல்லை. பத்திரத்தில் சர்வே நம்பர் தப்பாக விழுந்தால் பிழைத்திருத்தப் பத்திரம் போட்டுக்கொள்ளலாம். பத்திர எழுத்தரின் கடை ஆவடியிலேயே இருக்கும், நேரில் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். குடியேற்ற கவுன்ட்டரில் நடப்பது வேறு. விடியற்காலை மூன்று மணி, தெரியாத ஊர், கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி. அவர் உங்களுக்குத் தரும் நேரம் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் கேட்பது சாரத்தில் ஒரே கேள்விதான்: எதற்காக வந்தாய்? நீங்கள் சொல்வதும் கையில் இருக்கும் காகிதம் சொல்வதும் ஒன்றாக இருந்தால் முத்திரை. இல்லையென்றால் திரும்பிப் போகும் விமானம். மலேசியாவில் அதற்கு 'நாட் டு லேண்ட்' என்று பெயர். நம் ஆட்கள் சுருக்கமாக 'என்.டி.எல். அடிச்சிட்டான்' என்பார்கள். ஏஜென்ட்டால் பாரத்தை நிரப்ப முடியும். அந்தக் கேள்விக்கு உங்கள் வாயால் பதில் சொல்ல அவரால் முடியாது.

சென்னை விமான நிலையத்திலேயே மறித்துவிட்டார்கள் என்று விமானக் கம்பெனியைத் திட்டுபவர்களும் உண்டு. நுழைவு மறுக்கப்பட்ட பயணியைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு அவரை ஏற்றிச் சென்ற கம்பெனியுடையது. பல நாடுகள் அதற்கு மேல் அபராதமும் போடுகின்றன. அதனால்தான் செக்-இன் செய்பவர் 'டைமேட்டிக்' என்ற தரவுத்தளத்தைத் தட்டிப் பார்க்கிறார். எந்த நாட்டுக்காரர் எந்த நாட்டுக்குள் எதைக் காட்டி நுழையலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நாடுகளுக்கு அது ஆகாது. இதைத் தெரிந்துகொள்ள ஏஜென்ட் வேண்டாம், பாஸ்போர்ட்டைத் திறந்து தேதியைப் பார்க்கக் கண் இருந்தால் போதும்.

இப்போது புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. "அதான் ஃப்ரீ விசா ஆக்கிட்டாங்களே, இனிமே என்ன?" இந்த 'ஃப்ரீ' என்ற சொல்லைப் போல நம் ஆட்களைக் குழப்பிய சொல் வேறில்லை. காரணம், ஒரே சொல்லுக்குள் மூன்று சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, விசாவே வேண்டாம் என்ற விலக்கு. 2023 நவம்பரில் தாய்லாந்தும் டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்களுக்கு அமலுக்குக் கொண்டுவந்தது இது. இரண்டாவது, விசா உண்டு, கட்டணம் இல்லை. மூன்றாவதுதான் விஷம். வளைகுடாவில் 'ஃப்ரீ விசா' என்று காலங்காலமாக விற்கப்படுவது. ஒரு கஃபீலின், அதாவது ஸ்பான்சர் முதலாளியின், பெயரில் விசா எடுப்பார்கள், அவரிடம் வேலை எதுவும் இருக்காது, போய் இறங்கி எங்கே வேண்டுமானாலும் வேலை பார்த்துக்கொள் என்பார்கள். இந்த ஃப்ரீக்குத்தான் லட்சக்கணக்கில் விலை. அதில் சுதந்திரமும் கிடையாது. விசாவில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே வேலை பார்க்கலாம் என்பது அந்த நாடுகளில் பொதுவான சட்டம். சவூதியில் கஃபீல் ஒரு 'ஹுரூப்' புகார் கொடுத்தால், நேற்றுவரை உழைத்தவன் ஓடிப்போனவன் கணக்கில் சேர்ந்துவிடுவான்.

விலக்கு என்ற அந்த முதல் ஃப்ரீக்கு வருவோம். விசா வேண்டாம் என்றால் நிபந்தனை வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. மலேசியா போகிறவர் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்பியிருக்க வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் அதே போல ஓர் அட்டையைக் கட்டாயமாக்கியது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. அந்தக் கட்டணமில்லாத அட்டைக்கும் காசு பிடுங்கும் போலி இணையதளங்கள் இருக்கின்றன. 'அட்டை சார்ஜ்' என்று தலைக்கு ஐந்நூறு வாங்கிய ஏஜென்ட்டையும் எங்கள் தெருவுக்குத் தெரியும். போகட்டும், ஐந்நூறு ரூபாய்தான். திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், கைச்செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த விலக்கு சுற்றிப் பார்க்க வருபவருக்குத்தான். வேலைக்கு வருபவருக்கு அது செல்லாது.

இந்த ஒரு வரி தெரியாவிட்டால் என்ன ஆகும்? 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவுத் துறை ஓர் எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ்' வேலை என்று ஆள் பிடித்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்துகிறார்கள் என்று. அடுத்த மாதம் 5-ஆம் தேதி, அப்படிச் சிக்கிய 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். பாங்காக்கில் இறக்கி, எல்லை ஊரான மே சோட் வரை காரில் கூட்டிப் போய், மோய் ஆற்றைக் கடந்தால் மியாவாடி. அங்கே இணைய மோசடி செய்யும் முகாம்கள். இலக்கை எட்டாவிட்டால் அடி, மின் அதிர்ச்சி. அதோடு முடிந்துவிடவில்லை. 2025 மார்ச்சில் இரண்டு நாளில் விமானப்படை விமானங்கள் 549 இந்தியர்களை அங்கிருந்து கொண்டுவந்தன.

இவர்கள் படிக்காதவர்கள் இல்லை. அந்த எச்சரிக்கையே கணினி தெரிந்த இளைஞர்களைக் குறிவைக்கிறார்கள் என்றுதான் சொன்னது. ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதத் தெரிந்த, பட்டம் வாங்கிய பிள்ளைகள். 'விசா ஏழைபாழைகளின் பிரச்சினை, படித்தவன் ஏமாற மாட்டான்' என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர்களிடம் இல்லாமல்போனது படிப்பல்ல. சுற்றுலா வாசலில் நுழைந்து வேலைக்குப் போக முடியாது என்ற ஒரே ஒரு தகவல்.

ஈரான் கதையும் இதேதான். 2024 பிப்ரவரியில் இந்தியர்களுக்கு விசா விலக்கு தந்தார்கள். விமானத்தில் வர வேண்டும், 15 நாள்தான், ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான், சுற்றுலாவுக்கு மட்டும்தான் என்று நிபந்தனைகளோடு. ஆள் பிடிப்பவர்கள் நிபந்தனையை விட்டுவிட்டு விலக்கை மட்டும் விற்றார்கள். வேலை வாங்கித் தருவதாகவும் வேறு நாட்டுக்கு ஏற்றிவிடுவதாகவும் கூட்டிப்போய், இறங்கியதும் கடத்திப் பணம் கேட்டார்கள். 2025 நவம்பர் 22 முதல் ஈரான் அந்த விலக்கையே நிறுத்திவிட்டது. மோசடிக்காரன் செய்த வேலைக்கு, ஒழுங்காகச் சுற்றிப் பார்க்கப் போகிறவனும் சேர்த்து விலை கொடுத்தான்.

ஏஜென்ட் பார்த்துப்பார் என்ற நம்பிக்கை நேற்று முளைத்ததில்லை. நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் 'கங்காணி பார்த்துப்பார்' என்றுதான் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறினார்கள். போகிற தோட்டத்தின் பெயர் கங்காணிக்குத் தெரியும், கூலி கங்காணிக்குத் தெரியும், கடன் எவ்வளவு என்பதும் கங்காணிக்குத்தான் தெரியும். 1901-இல் இலங்கைக்குப் போகிறவர்களுக்குத் தகர டிக்கெட் முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஆள் என்பதை அந்தத் தகரத்தில் பொறித்த எண் சொல்லும். கழுத்தில் தொங்குகிற தகவல், தொங்கவிட்டிருப்பவனுக்கு மட்டும் படிக்கத் தெரியாது. தோட்டம் மாறும்போது கொடுத்த 'துண்டு' இன்னும் மோசம். இவன் கடன் இவ்வளவு, அதை அடைப்பவர் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்தச் சீட்டின் பொருள். அது 1921-இல் ஒழிந்தது. மலாயாவுக்குக் கங்காணி ஆள் கூட்டிப்போவது 1938-இல் நின்றது. நம் காகிதத்தை இன்னொருவன் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு விலை கொடுத்துக் கற்ற இனம், பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் ஒரு மாடி ரூம் ஆபீஸில் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருக்கிறது. பாஸ்போர்ட் நம்முடையதுகூட இல்லை. 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. அதை அடகுபோலப் பிடித்துவைக்க எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை கிடையாது.

"சரி, நல்ல ஏஜென்ட்டே இல்லையா?" என்பார்கள். இருக்கிறார்கள், நிறையவே. ஆனால் நல்ல ஏஜென்ட் யார் என்று கண்டுபிடிப்பதற்கே விதி தெரிய வேண்டியிருக்கிறது. 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு பெற்றவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். ஒன்றரை லட்சம் கேட்கிறவர் எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது என்பது எங்கள் டீக்கடையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகை. வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போவதானால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். இதைப் பெரிய தொல்லை என்று ஏஜென்ட்டுகள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "விசிட்ல போயிடு தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்" என்பது அதற்கான குறுக்குவழி. அந்தத் தொல்லையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், கையெழுத்தான வேலை ஒப்பந்தமும் 10 லட்சம் ரூபாய்க் காப்பீடும். இரண்டு வருடக் காப்பீட்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய். விசிட்டில் போனவன் சாரத்திலிருந்து விழுந்தால் அவனுக்கு ஒப்பந்தம் இல்லை, இந்தக் காப்பீடு இல்லை, அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கே அத்தாட்சி இல்லை. தொல்லையைத் தவிர்த்துக் கொடுத்ததாக ஏஜென்ட் சொல்வது இதைத்தான்.

தவறு ஏஜென்ட்டுடையது என்று நிரூபித்தாலும் தண்டனை நமக்கும் உண்டு. 2023-இல் கனடாவில் பஞ்சாப் மாணவர்கள் பலருக்கு நாடு கடத்தும் கடிதம் வந்தது. ஜலந்தர் ஏஜென்ட் ஒருவர் கொடுத்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதங்கள் போலி. மாணவர்கள் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகுதான், உண்மையாகவே ஏமாந்தவர்களைத் தனியாக விசாரிக்க அந்த அரசு ஒப்புக்கொண்டது. ஏஜென்ட்டுக்கு மறு வருடம் மூன்று ஆண்டு சிறை கிடைத்தது. படிப்பும் வேலையும் வீட்டுக் கடனும் அந்தரத்தில் தொங்கிய மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை. அமெரிக்க விசா விண்ணப்பத்தில் 'இதை நிரப்ப யாராவது உதவினார்களா?' என்றே ஒரு கேள்வி உண்டு. ஏஜென்ட் தன் கையால் நிரப்பிவிட்டு, அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று போட்ட பாரத்தை நான் பார்த்திருக்கிறேன். முதல் பொய்யே அவர் சொன்னது, கையெழுத்து மட்டும் எதிர்வீட்டம்மாவுடையது.

அந்தம்மாவின் சந்தேகமே வேறு. பத்து வருட விசா கிடைத்திருக்கிறதே, பேரன் ஸ்கூல் போகிறவரை இருந்துவிட்டு வரலாமா என்றார். விசா என்பது கதவைத் தட்ட அனுமதி. எத்தனை நாள் உள்ளே இருக்கலாம் என்பதை, இறங்கும் நாளில் அங்கிருக்கும் அதிகாரி முடிவுசெய்கிறார். ஐ-94 என்ற பதிவில் இருக்கும் தேதிதான் கணக்கு. விசிட்டர் விசாவில் போகிற பெற்றோருக்கு வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதியைத் தாண்டினால் பத்து வருட விசா செல்லாமல் போகும். 180 நாளுக்கு மேல் தாண்டித் தங்கினால் மூன்று வருடம் உள்ளே விட மாட்டார்கள், ஒரு வருடம் தாண்டினால் பத்து வருடம். இதை அவருக்கு விளக்க எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆயிற்று. விசாவுக்கு எட்டாயிரம் சர்வீஸ் சார்ஜ் வாங்கியவருக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

விசாவோடு விதி முடிவதில்லை, பெட்டிக்கும் உண்டு. அந்தம்மாவின் பெட்டியில் கசகசா இருந்தது தனிக் கதை. அமெரிக்கா என்பதால் தப்பித்தார். துபாயிலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் கணக்கில் வரும். ஆஸ்திரேலியாவுக்குப் பூ கொண்டுபோனதற்காக 2025-இல் மலையாள நடிகை நவ்யா நாயருக்கு 1,980 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. கொண்டுபோனது கொஞ்சம் மல்லிகைச் சரம், அவ்வளவுதான்.

நம் பெயரே நமக்கு எதிரி ஆகும் இடமும் ஒன்று உண்டு. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலியாக இருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகச் சொன்னார்கள். இனிஷியலை விரித்து எழுதுவதா, அப்பா பெயரைச் சர்நேம் ஆக்குவதா என்பது உங்கள் பள்ளிச் சான்றிதழ், ஆதார், பிள்ளைகளின் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் தொடும் முடிவு. அதையும் ஏஜென்ட் ஆபீஸில் டைப் அடிக்கும் பெண்ணிடம் விட்டுவிடுகிறோம். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு சர்நேம், தம்பிக்கு ஒரு சர்நேம் வந்து உட்கார்வது இப்படித்தான்.

என்னோடு வாதாடுபவர்களிடம் இரண்டு நல்ல வாதங்கள் மிச்சம் இருக்கின்றன. விதி மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறதே, சாமானியன் எப்படித் தெரிந்துகொள்வான் என்பது ஒன்று. மாறுவது உண்மை. தாய்லாந்து முதலில் 30 நாள் என்றது, 2024 ஜூலையில் 60 என்றது, மறு வருடம் அட்டையைக் கொண்டுவந்தது. அப்படி மாறுவதால்தான் ஏஜென்ட்டை நம்ப முடியாது என்கிறேன். அவருக்குத் தெரிந்தது போன மாதம் போய்வந்த ஆளின் அனுபவம். இன்றைய நிலவரம் அந்த நாட்டுத் தூதரகத்தின் பக்கத்தில் இருக்கிறது. பயணத்துக்கு முந்தைய வாரம் அதை இன்னொரு முறை பார்க்க ஒரு போன் போதும்.

இன்னொரு வாதம், எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்பது. இதில் எனக்குப் பதில் பாதிதான் இருக்கிறது. ஆண்டுதோறும் இத்தனை பேரை வெளிநாட்டுக்கு அனுப்பும் மாநிலத்தில், போகிறவன் மொழியில் விதியைச் சொல்ல வேண்டியது அரசின் கடமை. அது போதுமான அளவு நடக்கவில்லை. ஐரோப்பியன் இங்கே வர இ-விசா, நாம் அங்கே போக வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, 30,000 யூரோவுக்குக் காப்பீடு என்ற ஏற்றத்தாழ்வும் எரிச்சலூட்டுவதுதான். ஆனால் அநியாயமான விதியைப் படிக்காமல் இருப்பதால் அது நியாயமாகிவிடாது. வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் இருந்தால் 'பர்ப்பஸ் ஆஃப் விசிட்' என்ற மூன்று சொல்லை அவள் படித்துச் சொல்லிவிடுவாள்.

போன வாரம் அந்த வெல்டிங் பையன் வந்தான். கத்தார் இல்லையாம், தாய்லாந்தாம். கம்பெனி ரெடி, டிக்கெட் ரெடி, விசா தேவையே இல்லை, எழுபதாயிரம் கட்டினால் போதும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்ததைக் காட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. தாய்லாந்து வருகை அட்டையின் பக்கத்தை என் போனில் திறந்து அவன் கையில் கொடுத்தேன். வருகையின் நோக்கம் என்ற இடம் வந்ததும் நிறுத்தினான்.

"இதுல என்ன சார் போடணும்?"

"ஏஜென்ட் என்ன போடச் சொன்னாரு?"

"ஹாலிடேன்னு."

கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய் வெளியே நின்று யாரிடமோ பேசினான். ரிஜிஸ்டர் நம்பர் என்ன என்று கேட்பது மட்டும் என் காதில் விழுந்தது. போவதா வேண்டாமா என்று அவன் இன்னும் எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் அம்பத்தூர் போய், ஏஜென்ட்டிடம் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.